பெயர் சொல்லாத வீட்டுக்கு வந்த பிடிவாரண்ட்

எங்கள் வீட்டில் அப்பாவின் பெயரைச் சொல்லும் வாய் என்னுடையது ஒன்றுதான். அம்மா சொல்ல மாட்டாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அடுப்பைத் தொட்டால் சுடும் என்பதை நம்புகிற மாதிரி அவள் இதை நம்பினாள். ரேஷன் கடை, பெரியாஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கே குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டாலும் என் முதுகில் ஒரு கிள்ளு விழும். "சொல்லுத்தா" என்பாள். நான் சொல்வேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இந்த உத்தியோகம்.

நான் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு அவளிடம் வேறொரு வழி இருந்தது. வாசலுக்கு நேரே முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கும். யாராவது பெயர் கேட்டால் கையை நீட்டி அதைக் காட்டுவாள். தபால்காரர், ஓட்டர் லிஸ்ட் எடுக்க வருகிறவர் எல்லாம் புரிந்துகொண்டு சிரித்துக்கொண்டே போவார்கள். ஆனால் முருகனுக்குப் பெயர் என்ன ஒன்றா இரண்டா? கந்தன் என்பார்கள், வேலன் என்பார்கள், ஆறுமுகம், தண்டாயுதபாணி என்று போய்க்கொண்டே இருக்கும். அதில் எது அப்பாவின் பெயர், எதைப் போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அம்மா அவ்வளவு பாடுபட்டுக் காத்த பெயரை நான் எதற்கு அச்சில் ஏற்ற வேண்டும்?

எழுபதுகளின் கடைசி அது. அப்பா சிம்மக்கல்லில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு ஆள் படுக்கிற அகலம்தான் இருக்கும். சைக்கிள்கள் ரோட்டில்தான் நிற்கும். மண்டிக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரர்கள் அவற்றைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போவார்கள். ஒருநாள் ஒரு கான்ஸ்டபிள் வந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பெட்டி கேஸ் எழுதினார். அபராதம் கட்டினால் முடிந்துபோகிற சில்லறைக் கேஸ். அந்த நேரம் பார்த்து அப்பா கடையில் இல்லை. வாடகைக்கு எடுத்த சைக்கிளைத் திருப்பித் தராத ஒருவனைத் தேடி வண்டியூர்ப் பக்கம் போயிருந்தார். கடைப் பலகையில் அம்மன் பெயர்தான் இருக்கும், முதலாளி பெயர் இருக்காது. கான்ஸ்டபிள் பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொண்டு நேரே எங்கள் வளவுக்கு வந்துவிட்டார்.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் பொதுக் குழாய். அம்மா மட்டும்தான் வீட்டில் இருந்தாள். நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருந்தேன்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா காலண்டரைக் காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். "அவுக அப்பா பேரு?" என்று கேட்டதற்கு, "மாமனார் பேரையும் நான் சொல்லக் கூடாதுங்க" என்றிருக்கிறாள். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர்மீதும் தப்புச் சொல்ல முடியாது. அவர் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா விஷயத்தைச் சொன்னாள். "இனிமே சைக்கிள உள்ள தள்ளித்தான் வைக்கணும்" என்றார் அப்பா. அதோடு எல்லோரும் மறந்துபோனோம்.

சில மாதம் கழித்துச் சம்மன் வந்தது. எங்களுக்கு வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. முன்பு வந்த கான்ஸ்டபிள் மாற்றலாகிப் போயிருந்தார். வளவு முழுவதற்கும் கதவு நம்பர் ஒன்றுதான் என்பதால், புதியவர் கையில் இருந்த பெயரைச் சொல்லி எல்லா வீட்டிலும் விசாரித்தார். அப்படி யாரும் இல்லை என்றார்கள். அப்பாவை அங்கே எல்லோருக்கும் சைக்கிள் கடைக்காரர் என்றுதான் தெரியும். குழாயடியில் குடத்தோடு நின்ற அம்மாவிடமும் கேட்டார். "அப்படிப் பேருல இங்க யாரும் இல்லீங்களே" என்றாள் அம்மா. மறுபடி ஒருமுறை வந்தார். மறுபடியும் அவளே, அதையே சொன்னாள். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

நாங்கள் விஷயம் தெரிந்துகொண்டது ஒரு புதன்கிழமை. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு நான் கடைக்குப் போனபோது ஏட்டு ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார். சொந்தக் கடையில் அவர் அப்படிக் கைகட்டி நின்று நான் பார்த்ததில்லை. தெருவில் காக்கிச் சட்டையைக் கண்டாலே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மனுஷர் அவர்.

"அது என் பேரு இல்லீங்க ஏட்டையா" என்றார் அப்பா.

"கதவு நம்பர் உங்களுதுதான? கடை உங்களுதுதான? பேரக் குடுத்தது உங்க சம்சாரம்தான? பேரையும் குடுத்துட்டு, சம்மன் கொண்டாந்தா அப்படி ஆளே இல்லேன்னு அதே அம்மா சொல்லுது. புருசனும் பொஞ்சாதியும் சேந்து போலீசுக்கே பூச்சாண்டி காட்டுறீகளா? தலைமறைவுன்னு ரிப்போர்ட் போயி, பிடிவாரண்ட் போட்டாச்சு."

பிடிவாரண்ட் என்ற வார்த்தையை அதற்கு முன் நான் பேப்பரில்தான் படித்திருந்தேன். கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை ரோட்டில் நிறுத்தியவருக்கும் அதே வார்த்தைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

ஏட்டு கெட்டவர் இல்லை. எழுந்து போகும்போது குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தா பாருங்க, வெள்ளிக்கிழமை காலைல நீங்களாவே கோர்ட்டுல போயி நின்னுருங்க. இல்லேன்னா சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கும். வெள்ளி சாயங்காலம் உள்ள போனா திங்கக்கிழமை வரைக்கும் கேக்க நாதி கிடையாது."

வீட்டில் சொன்னதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் என்னத்தச் சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலையே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றுமே சொல்லாததுதான் வினை என்று அவளிடம் யார் சொல்வது?

விஷயம் கேட்டு மாமா வந்தார், அம்மாவின் தம்பி. எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். "மச்சான், நீங்க பேசாம உசிலம்பட்டிப் பக்கம் நம்ம சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருங்க. ரெண்டு மாசம் இருங்க. தன்னால ஆறிப்போகும்" என்றார்.

 அப்பா கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து மஞ்சள் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார். பயந்த மனுஷருக்குப் போகச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

"போனீங்கன்னா அதுக்குப் பேருதாம்ப்பா தலைமறைவு" என்றேன். "இதுவரைக்கும் அவங்க எழுதுனது பொய். நீங்க பஸ் ஏறுன நிமிசம் அது நெசமாயிரும்."

"பொட்டப்புள்ள, உனக்கு என்ன தெரியும் கோர்ட்டப் பத்தி?" என்றார் மாமா.

"ஒண்ணும் தெரியாது மாமா. போயித் தெரிஞ்சுக்கிறேன்."

அப்பா கையிலிருந்து பையைப் பிடுங்கினேன். வேட்டியை உதறி மறுபடி கொடியில் போட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு திண்டில் போய் உட்கார்ந்தார். மாமா காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில் ஒரு வக்கீலைத் தேடிப் போனேன். சட்டம் படிக்கிற காலத்தில் எங்கள் கடையில் சைக்கிள் எடுத்து ஓட்டியவர். கறுப்புக் கோட்டு இன்னும் புதுசு மாறாமல் இருந்தது. நான் காலண்டர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டார்.

"சிரிக்கிறதுக்கா சார் வந்தேன்?" என்றேன்.

"கோவிச்சுக்காதம்மா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாரண்ட ரத்து பண்ண மனுப் போடலாம். ஆனா போலீஸ் தரப்புல ஒண்ணு சொல்வாங்க. இந்த ஆளுக்கு ரெண்டு பேரு, ஊருக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணும்பாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல 'என்கிற'ன்னு ஒரு வார்த்தையச் சேத்து எழுதிருவாங்க. எழுதிட்டா அவ்வளவுதான். இன்னார் என்கிற இன்னார்னு ஸ்டேஷன்ல காலத்துக்கும் நிக்கும், கேடிகளுக்கு நிக்கிற மாதிரி. அது கூடாதுன்னா உங்க அம்மா வந்து நடந்ததச் சொல்லணும்."

"அம்மா வருவாங்க. பேரத்தான் சொல்ல மாட்டாங்க. அத நான் சொல்லிருவேன்" என்றேன். எத்தனையோ இடத்தில் செல்லுபடியான ஏற்பாடு, கோர்ட்டிலும் செல்லும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டிப் போனோம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோர்ட் வராந்தாவில் நின்றபோது அவருடைய உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அம்மா என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

டவாலி கதவருகே வந்து நின்று ஒரு பெயரை மூன்று முறை கூவினார். அப்பா அசையாமல் நின்றார்.

"அப்பா, போங்க."

"அது என் பேரு இல்லையேத்தா."

"இன்னைக்கு ஒரு நாளு அதுதான் உங்க பேரு. போங்க" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

உள்ளே மாஜிஸ்ட்ரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்பா கூண்டில் ஏறிக் கைகூப்பி நின்றார். வக்கீல் எங்கள் ரேஷன் கார்டைக் காட்டி விளக்கினார். போலீஸ் தரப்பில் எழுந்தவர், வக்கீல் முன்பே சொன்ன மாதிரி, எதிரிக்கு, அதாவது அப்பாவுக்கு, இரண்டு பெயர் உண்டு, பெயரைக் கொடுத்ததும் இல்லையென்று சொன்னதும் எதிரியின் மனைவியே என்றார்.

"ரேஷன் கார்டுல ஒரு பேரு, கேஸுல ஒரு பேரு. ரெண்டும் இந்த அம்மா வீட்டுல இருந்து வந்ததுதான். எது நிஜம்? அவங்களையே கேப்போம்" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

"போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பேர் கேட்டாரா?"

"கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. காட்டுனேன்."

"எதைக் காட்டுனீங்க?"

"சாமியங்க."

பின்னால் இருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "அப்புறம் சம்மன் வந்தப்ப?"

"அவரு கேட்ட பேருல எங்க வீட்டுல ஆளு இல்லீங்க. இல்லேன்னு சொன்னேன். அது பொய்யாங்க?"

"சரி. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வாயைத் திறந்தேன். மாஜிஸ்ட்ரேட் கையை உயர்த்தினார். "நீ உக்காரும்மா. கேள்வி அவங்களுக்கு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த நிமிஷம் அந்த மனுஷரைப் போல நான் வெறுத்த ஆள் உலகத்தில் இல்லை. வக்கீல் எழுந்து, அம்மா எழுதித் தரலாமா என்று கேட்டார். "எனக்கு என் கையெழுத்து மட்டுந்தாங்க வரும்" என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அப்படியானால் இரண்டு பெயரையும் வாசிக்கட்டும், சரியானதற்குத் தலையாட்டட்டும் என்றார் வக்கீல்.

"கையக் காட்டித்தானே இம்புட்டும் வந்துச்சு?" என்றார் மாஜிஸ்ட்ரேட். இம்புட்டு என்றதும்தான் அவரும் இந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. "இனிமே கையும் வேண்டாம், தலையும் வேண்டாம். வாயால சொல்லட்டும்."

  அம்மா எதிர்க் கூண்டில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு மாஜிஸ்ட்ரேட் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா இவுகள விட்டுருவீகளா?"

"முதல்ல சொல்லுங்க. பாக்கலாம்."

"பாக்கலாம்னா சொல்ல மாட்டேங்க."

வக்கீலுக்கு முகம் வெளிறிவிட்டது. பெஞ்சு கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அம்மாவின் குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. காய்கறிக்காரியிடம் பேசுகிற குரல்தான்.

"நான் சொல்லப் போறது சும்மா வாய்ப் பேச்சு இல்லீங்க. எனக்கு அது எம்புட்டுப் பெரிசுன்னு உங்க வீட்டம்மாவக் கேட்டாத் தெரியும். விடுறேன்னு நீங்க சொல்லுங்க. நான் சொல்றேன்."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.  "நீங்க சொல்றது இந்தக் கார்டுல இருக்கிற பேரா இருந்தா, வாரண்டுக்கு வேலையே இல்லம்மா. ரத்து பண்ணிருவேன். போதுமா?"

அம்மா இடது கையால் தாலியை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னாள். மெதுவாக, 'அவர்' என்றோ 'ங்க' என்றோ எதுவும் சேர்க்காமல், மொட்டைப் பெயராக.

"சரியாக் கேக்கலம்மா" என்றார் பெஞ்சு கிளார்க்.

இரண்டாவது முறை வராந்தா வரைக்கும் கேட்டது. கதவருகே நின்ற டவாலி திரும்பிப் பார்த்தார்.

"என்ன?" என்றார் அப்பா கூண்டிலிருந்து, வீட்டில் கூப்பிட்டால் கேட்கிற அதே மாதிரி. கேட்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கூப்பிய கையை இறக்கப் பயந்துகொண்டு, வழிந்த கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. வாரண்ட் ரத்து. கேஸில் பெயர் திருத்தப்பட்டது. 'என்கிற' எங்கேயும் ஏறவில்லை. சைக்கிளை ரோட்டில் நிறுத்தியது உண்மைதான் என்று அப்பா ஒப்புக்கொண்டு, அதற்கு உண்டான அபராதத்தைக் கட்டினார்.

பஸ் வேண்டாம், நடக்கலாம் என்றாள் அம்மா. பாலத்தில் நடந்தோம். வைகையில் வழக்கம்போலத் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். ஆங்காங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. மாமா பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், வக்கீலைப் பிடித்தது யார் என்றெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். வாரண்டை உடைத்தது நான்தான் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. 

பாதிப் பாலத்தில் அப்பா அவள் பக்கம் சாய்ந்து, "ஏன், இன்னொரு தடவ சொல்லேன். மொதத் தடவ எனக்கே சரியாக் கேக்கல" என்றார். அப்பா அப்படி விளையாட்டாகப் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அம்மா நின்றாள். "உங்களுக்கு என்ன, கேட்டுட்டுப் போயிருவீக" என்றாள். "சொன்னவ நான்ல. இருந்து பாக்கப் போறவளும் நான்ல."

கூண்டில் நடுங்காத உதடு அங்கே நடுங்கியது. நான் ஒரு மூடநம்பிக்கை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எதுவும் ஒழியவில்லை. அவள் எல்லாவற்றையும் முன்பு போலவே நம்பினாள். நம்பிக்கொண்டே, அவர் ஆயுசில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்துத்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.   அப்பா அவள் நடக்கிற வேகத்துக்கு நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் அப்பா கடை சாத்துகிற நேரத்துக்கு அம்மா வளவு வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். மழையென்றாலும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பாள். "உள்ள வாம்மா, வந்துருவாரு" என்று நான் எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் திரும்புவது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.